மாறுவேடம் வேண்டாத மன்றம்

மணிமேகலைக் காப்பியத்தில் ஓர் இடம் எனக்கு எப்போதுமே வியப்பைத் தருவது. பல சமயத்தாருடைய கொள்கைகளையும் கேட்டறிய வேண்டும் என்று மணிமேகலைக்கு ஆசை. ஆனால் அவள் வயதில் சிறியவள், அதுவும் பெண். இப்படிப்பட்ட ஒருத்தி போய்க் கேட்டால் எந்தப் பண்டிதரும் மதித்துப் பதில் சொல்ல மாட்டார் என்று தெய்வமே அவளுக்கு எடுத்துச் சொல்லி, வேறு உருவம் எடுக்கும் மந்திரத்தையும் கற்றுக் கொடுத்துவிடுகிறது. அவளும் ஓர் ஆண் தவசியின் கோலத்தில் வஞ்சி மாநகருக்குப் போகிறாள். அங்கே சமயவாதிகள் ஒருவர் பின் ஒருவராக அவளுக்குத் தங்கள் தத்துவங்களைச் சலிக்காமல் விளக்குகிறார்கள்.

கேட்டவள் அதே பெண்தான். கேள்வியும் அதே கேள்விதான். உருவம் மாறியதும் விடை கிடைத்துவிட்டது!

சாத்தனார் இதைக் குறையாகச் சொன்னாரோ, உலக வழக்கு இதுதான் என்று சொல்லிவிட்டுப் போனாரோ, அதைப் புலவர்கள் ஆராயட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. பல நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் நம் வீடுகளிலும், பள்ளிகளிலும், ஆலைகளிலும் கேள்வி கேட்க வேண்டுமானால் ஏதாவது ஒரு வேஷம் தேவைப்படுகிறது. வயது என்ற வேஷம், பட்டம் என்ற வேஷம், பணம் என்ற வேஷம், ஆண்பிள்ளை என்ற வேஷம். இவை எதுவும் இல்லாதவன் வாயைத் திறந்தால், “உனக்கு என்னடா தெரியும்?” என்ற ஒரே வாக்கியத்தில் அவன் கேள்வி முடிந்து போகிறது.

இந்த வேஷம் எதுவும் வேண்டாத மன்றம் ஒன்று உலகத்தில் உண்டா?

உண்டு. தர்க்கமும், கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தின் தத்துவப் பகுதியும் பயிலும் மாணவர்கள், ஆசிரியரின் துணையை எதிர்பாராமல் தாங்களே கூடி நடத்தும் கருத்தரங்குகளைத்தான் சொல்கிறேன்.

கருத்தரங்கு என்றவுடன் நமக்கு நினைவுக்கு வரும் காட்சி வேறு. மேடை, மாலை, பொன்னாடை, வரவேற்புரை, வாழ்த்துரை, கடைசியில் “நேரமின்மை காரணமாகக் கேள்விகளுக்கு இடமில்லை” என்ற அறிவிப்பு! நான் சொல்லும் கருத்தரங்கில் இவை ஒன்றும் கிடையாது. வாரத்தில் ஒரு மாலை, காலியாக இருக்கும் ஒரு வகுப்பறை, ஒரு கரும்பலகை, ஏழெட்டு மாணவர்கள் இருந்தால் போதும். அவர்களில் ஒருவர் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையையோ, புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தையோ படித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்கு விளக்குவார். அடுத்த வாரம் இன்னொருவர். விளக்குகிறவரை எந்த வரியிலும், யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். “இது அதிலிருந்து எப்படி வருகிறது?” என்று கேட்கலாம். பதில் வரும் வரையில் அடுத்த வரிக்குப் போக முடியாது. அரை மணி நேரத்தில் முடிக்க நினைத்த விஷயம் மூன்றே வரிகளில் நின்றுவிடுவதும் உண்டு. அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. அந்த மூன்று வரிகள் அன்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் சொந்தமாகிவிடுகின்றன.

நான் கணிதம் கற்றவன் அல்லன். ஆனாலும் இந்தப் படிப்பின் சாரத்தை என்னைப் போன்ற கதை எழுதுகிறவனும் கொஞ்சம் புரிந்துகொள்ள முடிகிறது. இது கம்ப்யூட்டர் என்ற பெட்டியைப் பற்றிய படிப்பு அன்று. கணக்கிடுவது என்றால் என்ன? எதைக் கணக்கிட முடியும், எதை ஒருக்காலும் முடியாது? யந்திரத்துக்கு நாம் கொடுக்கும் கட்டளைகள் நாம் நினைத்ததைத்தான் செய்யும் என்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? இத்தகைய கேள்விகளை ஆராய்வது அது. அதன் மூலாதாரம் தர்க்கம். ஒரு கூற்றிலிருந்து இன்னொரு கூற்று எப்போது தவறாமல் பிறக்கிறது என்று பார்க்கும் பழைய சாஸ்திரம்தான்.

மாணவர்களே நடத்தும் மன்றத்துக்கு இந்தப் படிப்பு ஏன் பொருத்தமானது? சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்; குருவின் தொண்டையிலிருந்து சிஷ்யனின் தொண்டைக்கு அது இறங்கியாக வேண்டும். வைத்தியத்தில் நாற்பது வருஷ அநுபவம் உள்ளவரின் கைக்கு நேற்றுப் பட்டம் பெற்றவரின் கை ஈடாகாது. அங்கெல்லாம் மூப்புக்கு நியாயமான இடம் இருக்கிறது. ஆனால் ஒரு நிரூபணம் அப்படிப்பட்டது அன்று. அதன் ஒவ்வொரு படியும் எல்லோர் கண் முன்னாலும் திறந்து கிடக்கிறது. சொன்னவர் பெரியவர் என்பதால் தவறான படி சரியாகிவிடாது. சொன்னவன் சிறுவன் என்பதால் சரியான படி தவறாகிவிடாது. நிரூபணத்துக்கு முன்னால் எழுபது வயதும் பதினேழு வயதும் ஒரே பெஞ்சியில்தான் உட்கார வேண்டும்.

சரித்திரமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 1812-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சில மாணவர்கள் கூடி ‘அனலிடிகல் சொசைட்டி’ என்று ஒரு சங்கம் அமைத்தார்கள். சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீக்காக் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். அவர்களுடைய வழக்கு என்ன தெரியுமா? நியூட்டன் கையாண்ட கணிதக் குறியீட்டை விட லீப்னிட்ஸ் கையாண்ட குறியீடு வசதியானது, அதையே கற்பிக்க வேண்டும் என்பது. நியூட்டன் அந்தச் சர்வகலாசாலைக்குக் குலதெய்வம் மாதிரி. குலதெய்வத்தின் எழுத்தையே மாற்றச் சொன்னார்கள், இன்னும் பட்டம் வாங்காத பையன்கள்! பேசியதோடு நில்லாமல் லாக்ரோவா என்ற பிரெஞ்சுக்காரரின் கணித நூலையும் மொழிபெயர்த்து 1816-இல் வெளியிட்டார்கள். நாளடைவில் கேம்பிரிட்ஜ் அவர்கள் வழிக்கு வந்தது. அந்தப் பையன்களில் ஒருவரான பாபேஜ்தான் பிற்பாடு, 1830-களில், இன்றைய கம்ப்யூட்டருக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க யந்திரத்தைத் திட்டமிட்டார்.

அதே கேம்பிரிட்ஜில் 1935-இல் மாக்ஸ் நியூமன் என்பவருடைய வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஆலன் டூரிங் என்ற இளைஞர், கணிதக் கூற்றுக்களின் உண்மையை யந்திரத்தனமான ஒரு முறையாலேயே தீர்மானித்துவிட முடியுமா என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார். மறு ஆண்டே, 1936-இல், முடியாது என்று காட்டும் கட்டுரையை எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து நாலுக்குள். இன்றைய கம்ப்யூட்டர் தத்துவத்துக்கு அந்தக் கட்டுரையே அஸ்திவாரம். இந்த டூரிங்கின் தகப்பனார் பழைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர், தாயார் நம் கோயமுத்தூருக்கு அருகே போத்தனூரில் பிறந்தவர். இதைக் கேட்டால் நமக்கு ஒரு சந்தோஷம்! ஆனால் பிறப்பின் உறவைக் காட்டிலும் கேள்வியின் உறவு பெரிது. அது நமக்கும் இருக்கிறது.

சென்னை மயிலாப்பூரில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்று ஒரு வீடு. அரசியல் சட்டத்தை வகுத்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் இல்லம் அது. அவருடைய புதல்வர் பேராசிரியர் அல்லாடி ராமகிருஷ்ணன் அந்த வீட்டில் தம் மாணவர்களைக் கூட்டிப் பௌதிகத் தத்துவக் கருத்தரங்கு நடத்தி வந்தார். 1960-இல் நீல்ஸ் போர் என்ற உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி அங்கே வந்து அந்த இளைஞர்களைப் பார்த்தார்; வியந்து பேசினார். அந்த வார்த்தை பிரதமர் நேருவின் காதுக்கும் எட்டியது. அப்போது சென்னை ராஜ்யத்தில் கல்வி மந்திரியாக இருந்த சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி, வானியல் மேதை சந்திரசேகர் முன்னிலையில், ‘மாட்சயன்ஸ்’ என்னும் கணித விஞ்ஞானக் கழகம் தொடங்கியது. அந்த வீட்டு மன்றத்துக்குத் தலைவர் பேராசிரியர்தான். முழுக்க முழுக்க மாணவர் நடத்தியது என்று அதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் உயிர் மாணவர்களிடம் இருந்தது. வந்த விருந்தாளி கட்டடத்தைப் பார்த்து வியக்கவில்லை, கட்டடம் ஏது? பையன்களைப் பார்த்துத்தான் வியந்தார். தரமணியில் இருக்கும் அந்தக் கழகத்தில் இன்று தர்க்கமும் கம்ப்யூட்டர் தத்துவமும் ஆராய்ச்சிக்குரிய பாடங்கள். 2009-இல் இந்திய தர்க்க மாநாடு கூடியதும் சென்னையில்தான்.

தாம்பரத்துச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்தது இன்னும் இனிமையான கதை. அங்கே பேராசிரியர்களாக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி தம்பதியரும், கமலா கிருத்திவாசனும் 1974-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விஷயம் என்ன? கோலம்! மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் எழுதலாம், சில விதிகளை வைத்துக்கொண்டு முடிவில்லாத கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்று காட்டினார்கள். நம் ஊர்த் தெருவில் விடியற்காலையில் புள்ளி வைத்து இழை இழுக்கும் பெண்ணின் விரல்களில் அப்படி ஒரு கணிதம் இருப்பதை உலகம் ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்ணை மட்டும் யாரும் கணிதம் தெரிந்தவள் என்று ஒப்புக்கொண்டதில்லை.

இதையெல்லாம் விருதுநகரில் ஒரு பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர், நேர்மையான மனிதர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, ரெண்டு விஷயம் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீங்க. ஒண்ணு, வாத்தியார் இல்லாத வகுப்பு குருடனுக்குக் குருடன் வழி காட்டுத மாதிரி. தப்பைத் தப்புன்னு சொல்ல ஒருத்தர் வேண்டாமா? ரெண்டாவது, இது பருப்பும் வத்தலும் விக்கிற ஊரு. அந்தப் பக்கம் போனா தீப்பெட்டியும் பட்டாசும். இங்கே தர்க்க சாஸ்திரத்தை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்?”

“ஐயா, ரெண்டாவதுக்கு முதலில் பதில் சொல்கிறேன்” என்றேன். அன்று அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நம் நாட்டுத் தர்க்க நூல்களில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம் ஒன்று உண்டு. மலையில் புகை தெரிகிறது. ஆகவே மலையில் நெருப்பு இருக்கிறது. காரியத்தைக் கண்டு காரணத்தை ஊகிக்கும் அநுமானம் இது. மலையைத் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இது நல்ல உதாரணம். சிவகாசியில் இது பயன்படாது. பட்டாசு ஆலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிகிறவனுடைய அறிவு காலம் கடந்த அறிவு. அங்கே புகை வருவதற்கு முன்னால் அறிந்தாக வேண்டும். காரணத்திலிருந்து காரியத்தை, அது நடக்குமுன் மனத்தில் கண்டாக வேண்டும். தாம்பரத்துக்கும் தரமணிக்கும் தர்க்கம் படிப்பாக இருக்கலாம். சாத்தூருக்கும் வெம்பக்கோட்டைக்கும் அது உயிர்.

ஓர் உதாரணம். தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து ஒருவன், ‘ஈரமான மருந்துக்கு ஆபத்தில்லை’ என்று முடிவு செய்தால் தப்பு என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? ஆனால் அலுமினியத் தூளும் வெடியுப்பும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால், உள்ளுக்குள்ளே ரசாயன மாறுதல் ஏற்பட்டுத் தானே சூடேறக்கூடும். சூடு வெளியேற வழியில்லாத குவியலாக இருந்தால் தானே தீப்பற்றவும் கூடும். மீதிப்பட்ட மருந்தை ராத்திரி வைத்திருக்கக் கூடாது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ‘தண்ணீர் நெருப்பை அணைக்கும்’ என்ற வாக்கியம் பொய்யன்று. அது எந்த எல்லைக்குள் மெய் என்று கேட்காமல் எல்லைக்கு வெளியே இழுத்துச் சென்றதுதான் பிழை. மாணவர் கருத்தரங்கில் “இது அதிலிருந்து எப்படி வருகிறது?” என்று ஒருத்தி குறுக்கிடுகிறாளே, அவள் பிடிப்பது இந்தப் பிழையைத்தான்.

இன்னொரு பிழை இதை விடப் பழகிப்போனது. “இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், ஒன்றும் ஆகவில்லையே!” கம்ப்யூட்டர் தத்துவத்தில் இதற்கு நேரான பாடம் இருக்கிறது. டைக்ஸ்ட்ரா என்ற டச்சு அறிஞர் 1970-ஐ ஒட்டி வற்புறுத்திய கருத்து அது. ஒரு கட்டளைத் தொகுதியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அதில் பிழை உண்டு என்று காட்ட முடியுமே தவிர, பிழை இல்லை என்று காட்ட முடியாது. ஆயிரம் தரம் சரியாக ஓடியது ஆயிரத்தோராவது தரத்துக்கு ஜாமீன் ஆகாது. பிழை இல்லை என்று சொல்ல வேண்டுமானால் காரணத்தோடு நிரூபிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் பிழை இருந்தால் திருத்தி மறுபடி ஓட்டலாம். பட்டாசு அறையில் மறுபடி என்ற வார்த்தை கிடையாது.

ஒரு வேலை அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ‘ஏன் நான்கு? ஐந்தாவது ஆள் வந்தால் வெடித்துவிடுமா?’ என்று கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம் என்பார்கள். ஆனால் அது நல்ல கேள்வி. ஐந்தாவது ஆளால் வெடிக்காது. வெடித்தால் ஐந்தாவது ஆளும் சாவார், வாசலில் நெருக்கமும் கூடும் என்பது பதில். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு, விதி எழுதிய இடத்தில் மட்டுமே காவல். காரணத்தையும் அறிந்தவனுக்கு, விதி எழுதாத இடத்திலும் காவல். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பத்தெட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். முதல் புகையைக் கண்டு, உதவி செய்யவும் பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்து வந்த வெடிப்பில் சிக்கினார்கள். புகையைக் கண்டு நெருப்பு இருக்கிறது என்று அறிந்தார்கள். நெருப்புக்குப் பக்கத்தில் இன்னும் மருந்து இருக்கிறது என்ற அடுத்த படியை யார் அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்?

இப்படி எழுதுவதால், தொழிலாளிக்குத் தர்க்கம் தெரியாததால்தான் விபத்து நடக்கிறது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரிய அநியாயம். மருந்தின் குணம் அதைக் கையால் அளைகிற பெண்ணுக்குத் தெரிகிற அளவு எனக்குத் தெரியாது. பல சமயம் அவளுக்குக் காரணமும் தெரியும், ஆபத்தும் தெரியும். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி. தீபாவளிக்குள் சரக்கு போயாக வேண்டும். “அண்ணாச்சி, இந்த ரூமுல ஆளு கூடிப்போச்சே” என்று போர்மேனிடம் சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம். அறிவு இருக்கிறது, அதைக் கேள்வியாக்கி வாய்விட்டுச் சொல்லும் அந்தஸ்து இல்லை. மணிமேகலைக்காவது வேறு உருவம் எடுக்க மந்திரம் கிடைத்தது. இவளுக்கு அதுவும் கிடையாது.

நான் எழுப்ப நினைக்கும் தர்மப் பிரச்னை இதுதான். கேள்வி கேட்பது ஒருவனுடைய அறிவைப் பொறுத்த விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கேட்கிறவனைச் சுற்றி இருப்பவர்களுடைய தர்மத்தையும் பொறுத்தது. கேட்டவனுக்குக் கூலி போகாது, மானம் போகாது, மார்க்குப் போகாது என்ற உறுதி இருக்கும் இடத்தில்தான் உண்மையான கேள்வி பிறக்கும். அந்த உறுதி இல்லாத இடத்தில் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். தலையாட்டும் சபையைப் பார்த்து, ‘இங்கே ஒழுங்கு நிலவுகிறது’ என்று நாம் பெருமைப்படுவோம்.

மாணவர் கருத்தரங்கின் பெருமை அங்கே கற்கும் தேற்றங்களில் மட்டும் இல்லை. ‘எனக்குப் புரியவில்லை’ என்று கூச்சமில்லாமல் சொல்லவும், அப்படிச் சொன்னவனைப் பரிகசிக்காமல் இருக்கவும் அங்கே பழக்கம் ஏற்படுகிறது. இந்த இரண்டாவது பழக்கமே அரிது. ஏனெனில் இன்று கரும்பலகையின் முன் நின்று திணறுகிறவன்தான் அடுத்த வாரம் கீழே உட்கார்ந்து கேட்கப் போகிறவன். இருவர் நிலையும் மாறி மாறி வருவதால் அகங்காரத்துக்கு வேர் பிடிக்க நேரமில்லை. அந்த மாணவி நாளைக்கு ஓர் ஆலையின் சூபர்வைசராகவோ, அதிகாரியாகவோ, முதலாளியின் மருமகளாகவோ ஆனால், கீழே இருக்கும் ஒருத்தி “ஏன்?” என்று கேட்கும்போது அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று நம்பலாம். கேள்வியைத் தாங்கிக்கொள்ளவும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறதே!

பெரியவரின் முதல் ஆட்சேபத்துக்கு இப்போது வருகிறேன். தப்பைத் தப்பு என்று சொல்ல ஒருவர் வேண்டாமா? அதில் உண்மை இருக்கிறது. ஏழெட்டுப் பேர் கூடி ஒரே தவறைச் செய்துவிட்டு, எல்லோரும் ஒப்புக்கொண்டதாலேயே அது சரி என்று நினைத்துவிடக்கூடும். நண்பனைக் குறுக்கே கேட்டால் மனம் நோவானே என்று தாட்சணியம் பார்க்கக்கூடும். நாலு வார்த்தை ஆங்கிலத்தில் வேகமாகப் பேசத் தெரிந்தவன் மன்றத்துக்குச் சின்ன ராஜா ஆகிவிடுவதும் உண்டு. அப்போது பேராசிரியரின் அதிகாரம் போய் வாய்ச்சாலக்காரனின் அதிகாரம் வந்ததுதான் மிச்சம். ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டால் மட்டும் சுதந்திரம் உள்ளே வந்துவிடாது.

ஆனால் இதற்குப் பரிகாரம் ஒரு நீதிபதியைக் கொண்டுவந்து உட்கார வைப்பது அன்று. டூரிங்கின் கட்டுரையிலிருந்து பிறந்த ஒரு முடிவு உண்டு. எந்தக் கட்டளைத் தொகுதியைக் கொடுத்தாலும், அது ஓடி முடிந்து நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று தவறாமல் சொல்லிவிடும் பொதுவான யந்திரம் ஒன்று இருக்கவே முடியாது என்பது அது. கணிதத் தேற்றத்தை வாழ்க்கைக்குள் அப்படியே இழுத்துவருவது, தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்று ஈர மருந்துக்குள் கை விடுவது போன்ற பிழைதான். ஆகவே இதை நிரூபணமாகச் சொல்லவில்லை. ஓர் அடக்கத்தைக் கற்றுக்கொள்ளவே சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் தீர்ப்புக் கிடைக்கும் என்ற ஆசையைக் கணிதமே கைவிட்டுவிட்டது. தனித்தனியாக, வழக்குக்கு வழக்கு, கண் விழித்துப் பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கண்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. பெரியவர்கள் தாராளமாக வரட்டும். ஆனால் கடைசி பெஞ்சியில் உட்காரட்டும். மற்றவர்களைப் போலவே கையை உயர்த்தி, “இது எப்படி வருகிறது?” என்று கேட்கட்டும். அவர்களுடைய அநுபவம் நல்ல கேள்வியாக வெளிப்பட்டால் அதற்குரிய மரியாதை தானாகவே கிடைக்கும்.

இதற்கெல்லாம் நம் ஊரில் வசதி ஏது என்பவர்களுக்கு விருதுநகரே பதில் வைத்திருக்கிறது. 1889-இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலையை வளர்க்க இந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்கு வீடு, உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் வளர்ந்த பள்ளியில் படித்த ஒரு பிள்ளைதான் பின்னால், 1954 முதல் 1963 வரை, முதலமைச்சராக இருந்து ஊர் ஊருக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். சிவகாசியின் கதையும் கேள்வி கேட்கப் புறப்பட்ட கதைதான். 1922-இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தொழில் தெரிந்த ஒருவர் நம் ஊருக்கு வந்து சொல்லித் தரட்டும் என்று காத்திருந்தால் இன்றைய சிவகாசி ஏது?

தர்க்கம் படிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். லட்சக்கணக்கில் மானியமும் வேண்டாம். வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு கரும்பலகை, படித்துக்கொண்டு வர ஒருவன், நிறுத்திக் கேட்கச் சிலர். இதுவும் ஒரு பிடி அரிசிதான். விருதுநகரிலும் சிவகாசியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் படிக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ, அத்தையோ, அக்காளோ பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி வேலைக்கும் போகிறவர்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு மாலை கூடி, ‘இதுவரை வெடிக்கவில்லை என்பது இனி வெடிக்காது என்பதற்கு நிரூபணம் ஆகுமா?’ என்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வாதாடட்டும். கம்ப்யூட்டர் தத்துவத்தின் மையமான பாடம் ஒன்றை அவர்கள் தொட்டுவிடுவார்கள். அதே கேள்வியோடு வீட்டுக்குப் போனால் அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் கிளாஸில் எத்தனையோ பிள்ளைக எந்திரிச்சு நின்னு கேட்டிருக்கு. உட்காருன்னு சொன்ன தடவைதான் அதிகம்” என்றார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை.

மரியாதை என்பது பெரியவர் பேசும்போது வாய் மூடியிருப்பது என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். அதிலும் ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் சொன்னதை வரிக்கு வரி கேட்டு, ஒவ்வொரு படியையும் தொட்டுப் பார்த்து, சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தி விளக்கம் கேட்பவன் அவருக்குச் செய்யும் மரியாதை அதை விடப் பெரிது. அவன் அவருடைய வார்த்தையை மெய்யாகவே எடுத்துக்கொண்டிருக்கிறான். தலையாட்டிவிட்டுப் போகிறவன் அவருடைய வயதை மதித்தான், வார்த்தையை மதிக்கவில்லை.

சொந்த முகத்தோடு எழுந்து நின்று கேட்கும் ஒரு பெண்ணுக்கு, “நல்ல கேள்வி, நாம் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம்” என்று பதில் சொல்லும் மன்றம் நம் ஊரில் எத்தனை இருக்கிறது? ஒன்று தொடங்கினாலும் போதும். அடுத்ததை அதில் இருந்து எழுந்து போகிறவர்கள் தொடங்கிக்கொள்வார்கள்.